பெயரும் பிறப்பிடமும்: நுரையீரல் புற்றுக் குருத்தணுக்கள் வெளிவிடும் சைகைப் புரதங்களின் வரலாறு

முன்னுரை

நோயெதிர்ப்பு அணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். அவற்றுள் சிலவற்றை நுரையீரல் புற்றின் குருத்தணுக்களும் மிகுதியாக வெளிவிடுதல் 2008ஆம் ஆண்டில் அறியப்பட்டது. காவலர்க்கே உரியதெனக் கருதப்பட்ட மொழியைப் பகையும் பேசுகிறது என்னும் இவ்வுண்மை கண்டறியப்பட்ட வரலாற்றையும், தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு அது தரும் பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர்களின் வரலாறு

ஜெர்மானிய நோய்க்கூற்றியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ, புற்றுக்கட்டிகளுள் வெள்ளணுக்கள் செறிந்திருத்தலை நோக்கி, நாட்பட்ட அழற்சிக்கும் புற்றின் தோற்றத்திற்கும் தொடர்புண்டு என 1863இல் கருதினார். அழற்சியின் தூதுப்பொருள்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் இனங்காணப்பட்டன. 1969இல் வழக்கிற்கு வந்த 'லிம்ஃபோகைன்' என்னும் சொல் நிணநீரணுக்களை மட்டுமே பிறப்பிடமாகச் சுட்டியது. பிற அணுக்களும் இத்தகைய பொருள்களை வெளிவிடுதலைக் கண்ட ஸ்டான்லி கோஹன், 1974இல் 'சைட்டோகைன்' என்னும் விரிந்த சொல்லை முன்வைத்தார். ஆயினும், 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் நிகழ்ந்த ஆய்வரங்கு 'இன்டர்லூக்கின்' என்னும் பெயரை ஏற்றது. வெள்ளணுக்களுக்கு இடைப்பட்டது என்பதே அதன் பொருள். விரிந்த பொருள் மீண்டும் குறுகியமை ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பெயர் வரிசையில் இடம்பெற்ற இரு மூலக்கூறுகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை. இன்டர்லூக்கின்-6, எதிர்ப்புரத உற்பத்தியைத் தூண்டும் காரணியாக 1986இல் ஒசாகாவில் ஹிரானோ, கிஷிமோட்டோ குழுவினரால் இனங்காணப்பட்டது. இன்டர்லூக்கின்-8, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை ஈர்க்கும் காரணியாக 1987இல் அறியப்பட்டது. பின்னர், மனித நுரையீரல் புற்றணுக்களை ஏற்ற எலிகளில் இன்டர்லூக்கின்-8ஐத் தடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்ததை 1996இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புதிய இரத்தக்குழாய்களை வருவித்துக்கொள்ள அம்மூலக்கூறு கட்டிக்கு உதவியிருந்தது.

இரு நெறிகளின் சந்திப்பு

புற்றணுக்கள் அனைத்தும் ஒரே ஆற்றல் உடையவை அல்ல என்னும் கருத்து தனியொரு நெறியாக வளர்ந்தது. இரத்தப்புற்றைப் புதிதாகத் தொடங்கும் ஆற்றல் ஒரு சிறுபிரிவு அணுக்களுக்கே உண்டு என்பதை டொரான்டோவில் ஜான் டிக் குழுவினர் 1994இல் காட்டினர். மார்பகப் புற்றில் 2003இலும், நுரையீரல் புற்றில் 2008இலும் அத்தகைய அணுக்கள் பிரித்தறியப்பட்டன. ஸ்டெம் செல் என வழங்கும் குருத்தணுவின் பண்புகளைப் பெற்றிருந்தமையால் இவை புற்றுக் குருத்தணுக்கள் எனப்பட்டன.

அதே 2008இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றணுக்களைச் சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின், எட்டோபோசைட் ஆகிய மருந்துகளுக்கு உட்படுத்தினர். எஞ்சிய அணுக்கள் குருத்தணுப் பண்புகளைக் காட்டின. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 உள்ளிட்ட பல காரணிகளை மிகுதியாக வெளிவிட்டன. இன்டர்லூக்கின்-8ஐ உணரும் ஏற்பிகளும் அவற்றில் மிகுந்திருந்தன. ஆகவே, அவ்வணுக்கள் தாம் அனுப்பும் செய்தியைத் தாமே பெறவும் கூடும். மருந்துக்குத் தப்பிய அணுவே குருதிக்குழாய்களையும் அழைக்க வல்லது என்பது மருத்துவத்திற்கு விடுக்கப்பட்ட அறைகூவலாகும். கட்டி சுருங்குவதை மட்டும் கொண்டு சிகிச்சையின் வெற்றியை அளத்தல் போதாது என்பதும் இதனால் பெறப்படும்.

முடிவுரை

தமிழ் இலக்கணம் பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பகுக்கும். 'இன்டர்லூக்கின்' காரணப்பெயராகப் பிறந்தது; அதன் காரணம் ஆய்வு வளர்ச்சியால் தளர்ந்தபின் இடுகுறிப்பெயராகவே நிலைத்தது. அதனை 'வெள்ளணுவிடைப் புரதம்' என மொழிபெயர்த்தால், காலாவதியான காரணத்தைத் தமிழுக்குப் புதிதாகக் கொண்டுவந்தவராவோம். தமிழ்வழி பயிலும் மாணவர் புற்றணுவை அதன் பிறப்பிடமாக எண்ணவும் இடமிராது. தனிப்பெயர்களை ஒலிபெயர்த்து இடுகுறியாக வழங்குவதும், பொதுப்பெயரைச் செயல் நோக்கிச் 'சைகைப் புரதம்' என ஆக்குவதும் பொருத்தமாகும். கலைச்சொல் ஆக்குவோர் சொல்லின் வேரை ஆராய்வதோடு, அது சுட்டும் பொருளின் வரலாற்றையும் ஆராய வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு.