தீர்ப்பான் முதல் மாஸ்டர் வரை

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வைத்தியர் வீடு எது என்று விசாரித்தால், "எதுக்குப் பாக்கணும்ங்க? கட்டுக் கட்டவா, மந்திரிக்கவா?" என்ற கேள்விதான் முதலில் வரும். கட்டுக் கட்டுறவரு, மந்திரிக்கிறவரு, பிரசவம் பாக்குற அம்மா என்று செய்கிற வேலையே ஆளுக்குப் பெயராகிவிடும். அங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர், பேசுவது தமிழ்.

வேலையால் பெயரிடும் இந்த வழக்கம் மிகப் பழையது. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியனைத் 'தீர்ப்பான்' என்கிறார். நோயைத் தீர்ப்பவன், அவ்வளவுதான். மருந்திலிருந்து பிறந்த 'மருத்துவன்' சங்கப் புலவர் தாமோதரனாரின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. 'வைத்தியர்' வடமொழியில் அறிவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். செயல், பொருள், அறிவு என்று மூன்றிலும் ஆளைப் பற்றி ஏதோ ஒன்று தெரிகிறது.

கையை உடல்மேல் வைத்தோ தள்ளிப் பிடித்தோ நலம் தருவதாகச் சொல்லும் ஜப்பானிய முறை ரெய்கி. அதைச் செய்பவர்கள் சூடும் 'மாஸ்டர்' பட்டத்தில் அப்படி எதுவும் தெரிவதில்லை. அதன் மூலமான லத்தீன் 'மாகிஸ்தெர்', 'அதிகம்' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. மேலானவர் என்று படிநிலையை மட்டும் சொல்வது. ஜப்பானில் மிகாவோ உசுயி 1922-இல் தோக்கியோவில் ரெய்கியைக் கற்பிக்கத் தொடங்கினார், 1926-இல் இறந்தார். அங்கே கற்றுத் தருபவருக்கு 'ஷிஹான்' என்று பெயர். பின்பற்றத்தக்க ஆசிரியர் என்று பொருள். உசுயியின் மாணவர் ஹயாஷி, கடற்படை மருத்துவராக இருந்தவர். அவரிடம் கற்ற ஹவாயோ தகாதா என்ற பெண்மணிக்கு 1938-இல் ஹவாயில் கிடைத்த ஆங்கிலச் சான்றிதழில்தான் 'மாஸ்டர்' இடம்பெற்றது. தகாதா பின்னாளில் அந்தப் பட்டத்துக்கான பயிற்சிக்கு 10,000 டாலர் வாங்கினார். 1980-இல் அவர் இறந்தபோது அவரால் மாஸ்டர் ஆனவர்கள் 22 பேர். இன்று அதே பட்டத்தை ஒரு சனி, ஞாயிறிலேயே வாங்கிவிடலாம். சொல் மாறவில்லை, அதன் எடை கரைந்துவிட்டது.

ஆகவே பட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மலைக்காரர் கேட்பதுபோல ரெய்கிக்காரரிடமும் வேலையைக் கேட்க வேண்டும். எதற்குப் பார்ப்பீர்கள்? யாரிடம், எத்தனை காலம் கற்றீர்கள்? கையை மேலே வைப்பீர்களா, தள்ளிப் பிடிப்பீர்களா, தொடுமுன் அனுமதி கேட்பீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு? ரெய்கி, இந்திய அரசு ஏற்றுள்ள ஆயுஷ் மருத்துவ முறைகளில் சேர்ந்ததல்ல. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அது பயன்படுகிறதா என்று மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வு, போதிய சான்று இல்லை என்றது. கண்மூடிப் படுத்திருக்கும் ஒரு மணி நேரம் மனத்துக்கு இதமாக இருக்கலாம். அதை இதம் என்றே சொல்பவரிடம் நம்பிப் போகலாம். தன்னைத் 'தீர்ப்பான்' ஆக்கிக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்து, புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்பவர் எத்தனை சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தாலும், கொடுத்த முன்பணம் போனால் போகட்டும் என்று எழுந்து வந்துவிட வேண்டும்.