கேன் தண்ணீரும் கூஜாவும்

போன சித்திரையில் என் மனைவிக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. "குடிக்கிற தண்ணீர் என்ன?" என்று டாக்டர் கேட்டார். "கேன் தண்ணீர்தான் சார், சுத்தமானது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு கேன் எத்தனை நாள் வரும்?" வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளைகள் வெளியூரில். இருபது லிட்டர் எட்டு, பத்து நாள் வரும். சொன்னேன். தண்ணீரால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பாஸ்டர் பெயரைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் இந்த விஷயத்தில் நினைக்க வேண்டியவர் பியர் மிக்கேல். 1880களில் பாரிஸின் மோன்சூரி பூங்கா ஆய்வுக்கூடத்தில் காற்றிலும் நீரிலும் உள்ள கிருமிகளை எண்ணிக்கொண்டிருந்தவர். வான் என்ற ஊற்றுப் பகுதியிலிருந்து பாரிஸுக்குக் குழாயில் வந்த நல்ல தண்ணீரை எடுத்துப் பார்த்தார். வந்தவுடன் ஒரு கன சென்டிமீட்டரில் ஐம்பதுக்கும் குறைவான கிருமிகள். அதே தண்ணீரைச் சும்மா வைத்திருந்து எண்ணினார். மறுநாளே ஆயிரக்கணக்கில், மூன்றாம் நாள் ஐந்து லட்சத்துக்கும் மேல்! யாரும் கை வைக்கவில்லை, எதுவும் கலக்கவில்லை. அதனால்தான் மாதிரித் தண்ணீரை ஐஸில் வைத்து அனுப்பும் வழக்கம் வந்தது.

பயந்துவிட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரிலேயே வாழும் சாதுக்கள், நமக்கு ஒன்றும் செய்யாதவை. கெடுதல் வெளியிலிருந்து போவது: கை, வாய், கழுவாத பம்ப், உள்ளே முக்கும் டம்ளர்.

பம்பாயில் 1965-ல் பிஸ்லெரி வந்தபோது பாட்டில் தண்ணீர் பணக்காரர் சமாச்சாரம். இப்போது நம் தெருவிலேயே கேன் இறங்குகிறது. 2001 முதல் 2024 வரை ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. ஐ.எஸ். 14543 விதிப்படி 37 டிகிரியில் வளர்த்துப் பார்த்தால் ஒரு மில்லிலிட்டரில் 20 கிருமிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதெல்லாம் மூடியை உடைக்கும் வரைக்கும். கேனைச் சுத்தம் செய்யும் ஓசோன் சீக்கிரமே மறைந்துவிடும். குழாய்த் தண்ணீரில் மிச்சம் நிற்கும் குளோரின் போல அது காவல் இருக்காது.

நம் பக்கத்திலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். 2019 வரை நாம் வேலூர் மாவட்டம்தானே? அந்த வேலூர் நகரில் வீடுகளில் பிடித்து வைத்த தண்ணீரைச் சோதித்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஒன்று முதல் ஒன்பது நாள் வைத்திருந்த 37 மாதிரிகளில் 25-ல் கிருமி கூடியிருந்தது. குறைந்தது பித்தளையில் வைத்த தண்ணீரில் மட்டும். ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கலந்து வைத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. பித்தளையில் உள்ள தாமிரம் செய்யும் வேலை அது. கல்கத்தாவில் காலரா வந்த வீடுகளுக்குக் குறுகிய வாயுள்ள மண் சுராய் கொடுத்துப் பார்த்தார்கள் (1986-ல் வெளியான ஆய்வு). அந்த வீடுகளில் மற்றவர்களுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது. கை உள்ளே போகாது, அவ்வளவுதான் ரகசியம்.

இதைப் படித்தபோது என் கூஜா ஞாபகம் வந்தது. ஆபீஸ் வேலையாக ஜவ்வாது மலையில் புதூர்நாடு முகாமுக்குப் போகும்போதெல்லாம் பித்தளைக் கூஜாவில்தான் தண்ணீர். திருகு மூடி, சின்ன வாய். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். வாய் வைத்துக் குடித்தால் அம்மா திட்டுவாள். எச்சில் என்பாள். அதைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தவன் நான். புளி போட்டுத் தேய்க்க ஆளில்லை என்று பித்தளைக் குடங்களைப் பாத்திரக்கடையில் போட்டு எவர்சில்வர் வாங்கியதும் நான்தான்.

கூஜா மட்டும் பரணில் தப்பித்திருந்தது. இறக்கித் தேய்த்துவிட்டேன். கேனைத் திறந்த அன்றே ஒரு சீட்டில் தேதி எழுதி ஒட்டுகிறேன். மூன்று நாள் தாண்டினால் கொதிக்க வைத்து ஆற்றிய பிறகுதான் குடிக்க. பம்பை வாரம் ஒருமுறை பிரித்து வெந்நீரில் கழுவுகிறேன். மனைவி சிரிக்கிறாள்: "ரிட்டையர் ஆகியும் தண்ணிக்குக்கூட ஃபைல் போடறீங்களே!"