தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை: வரி கட்டுவோர் பார்வையில்

மாநில அரசின் ஓராண்டு வரவு செலவை மதிப்பிட்டுச் சட்டப்பேரவையில் வைக்கப்படும் ஆவணம் நிதிநிலை அறிக்கை. அரசமைப்புச் சட்டத்தின் 202ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது.

வருமான வரி கட்டாதவர்கள் தாங்கள் வரியே கட்டுவதில்லை என்று நினைப்பதுண்டு. அது சரியல்ல. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பெரும்பகுதி கடை கல்லாவிலும் பெட்ரோல் பங்கிலும்தான் வசூலாகிறது. ரூ.4,000 விலையுள்ள மிக்சிக்கு 18% ஜிஎஸ்டி ரூ.720. பில்லின் அடியில் எஸ்ஜிஎஸ்டி என்று வரும் ரூ.360 மாநிலத்துக்கு, மற்ற ரூ.360 மத்திய அரசுக்கு. பெட்ரோல், டீசல், மது மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பவை. இவற்றுக்கு மாநிலமே மதிப்புக் கூட்டு வரி விதிக்கிறது. 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு ரூ.3 குறைத்த பிறகு, பெட்ரோல் மீதான வரி 13 விழுக்காடும் அதற்கு மேல் லிட்டருக்கு ரூ.11.52-உம் என்றானது. கச்சா எண்ணெய் விலை இறங்கினாலும் இந்த ரூ.11.52 இறங்காது. மொபெட்டில் கூலி வேலைக்குப் போகிறவரும் சொகுசுக் கார் வைத்திருப்பவரும் லிட்டருக்குக் கட்டுவது ஒரே வரி என்பது இதன் பெரிய குறை.

வீட்டுமனை கிரயம் செய்வோருக்கு முத்திரைத் தீர்வை 7%; பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2%. ரூ.20 லட்சம் மனைக்கு ரூ.1.8 லட்சம் ஆகிறது.

மத்திய வரிகளிலிருந்தும் பங்கு வருகிறது. 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்குப் பகிரப்படும் 41 விழுக்காட்டில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079%. செஸ், மேல்வரி ஆகியவை இந்தப் பகிர்வுக்குள் வருவதில்லை.

செலவில் சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றிலும் எந்த அரசும் எளிதில் கை வைக்க முடியாது. மானியங்களும், 2023 செப்டம்பரில் தொடங்கிய ரூ.1,000 மகளிர் உரிமைத்தொகை போன்ற நலத்திட்டங்களும் இன்னொரு பெரும் பகுதி. சாலை, பாலம், பாசனம் போன்ற மூலதனச் செலவுக்கு எஞ்சுவது குறைவு.

வரி கட்டுபவர் முதலில் தேட வேண்டிய எண் வருவாய்ப் பற்றாக்குறை. அன்றாடச் செலவுக்கே அரசு எவ்வளவு கடன் வாங்குகிறது என்பதை அது காட்டும். பாலத்துக்கு வாங்கிய கடனுக்குப் பாலமாவது நிற்கும். வட்டி கட்ட வாங்கிய கடனுக்குக் காட்ட ஒன்றுமிராது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்கவே 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. ஆனால் 2013-14 முதல் பற்றாக்குறை திரும்பிவிட்டது. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றுக்கு ரூ.2,63,976 பொதுக்கடன் எனக் கணக்கிட்டது.

அறிக்கையில் வரும் ஆண்டுக்கான மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு ஆகியவை அருகருகே இருக்கும். செய்திகளில் பேசப்படுவது முதலாவது மட்டுமே. உண்மையில் செலவானது மூன்றாவதில்தான் தெரியும். அதைத் தணிக்கைத் தலைவர் ஆராய்ந்து தரும் அறிக்கையும் பேரவையில் வைக்கப்படுகிறது.