வெளிப்புற உருவ ஒளிப்படவியல்

வெளிப்புற உருவ ஒளிப்படவியல் என்பது ஒருவரின் தோற்றத்தையும் இயல்பையும் படப்பிடிப்பு நிலையத்துக்கு வெளியே, பெரும்பாலும் இயற்கை ஒளியில் பதிவு செய்யும் ஒளிப்படத் துறையாகும். நிலையத்தினுள் விளக்கை நகர்த்தலாம். வெளியில் சூரியனை நகர்த்த இயலாது. ஆளையும் படக்கருவியையுமே நகர்த்த வேண்டும். ஆகவே இத்துறையில் படக்கருவிக் கோணமும் ஒளியமைப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. இக்கட்டுரை இவ்விரண்டையும் சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சென்னையின் சூரிய ஒளி

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. பகலும் இரவும் சமமாக உள்ள மார்ச், செப்டம்பர் நாட்களில் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தில் 14 பாகைக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. இலண்டனில் அதே நேரத்தில் சுமார் 9 பாகையே உயர்கிறது. மூன்று மணி நேரம் கழித்து சென்னையில் உயரம் 43 பாகை, இலண்டனில் 26 பாகை. காலை, மாலையின் மென்மையான "பொன்னொளி நேரம்" பற்றி மேனாட்டு நூல்கள் கூறும் கால அளவு இங்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது புருவத்தின் நிழல் கண்குழியை மூடி, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். இவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். "வடக்குப் பக்க ஒளி எப்போதும் மென்மையானது" என்ற பாடநூல் விதி இம்மாதங்களில் செல்லாது. திசம்பர் இறுதியிலோ நண்பகலிலும் சூரியன் 54 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் கால மேகம் ஒளியைப் பரவலாக்குகிறது. எனினும் ஒளி மேலிருந்தே வருவதால் முகத்தைச் சற்று உயர்த்தச் சொல்வது நல்லது.

இடமும் திசையும்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தெப்பக்குளம் கோயிலுக்கு மேற்கே உள்ளது. குளக்கரையில் கோயிலைப் பின்னணியாகக் கொண்டு ஒருவரை நிறுத்தினால் மாலையில் முகத்திலும் மேற்குக் கோபுரத்திலும் ஒளி ஒருங்கே விழும். காலையில் அதே இடத்தில் கோபுரம் நிழலுருவாகி, ஆளின் தோள், தலைமுடி விளிம்புகள் மட்டும் ஒளிரும். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உலா பிற்பகலில் நடப்பதால், கூட்டத்தில் நிற்பவரை மேற்கு நோக்கித் திருப்பினால் கண்கள் சுருங்கிவிடும். பக்கவாட்டில் திருப்புவதே வழக்கம்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே ஒளி கிணற்றில் விழுவதைப் போல மேலிருந்து மட்டும் வருகிறது. கடை முகப்பின் நீலத் தார்ப்பாய், சிவப்புத் துணி ஆகியவற்றின் நிறம் முகத்தில் படிவதைக் கண் எளிதில் கவனிக்காது, படம் காட்டிவிடும். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தின் ஆலமரம் 1989இல் புயலில் தாய்மரத்தை இழந்தது. விழுதுகளால் நிற்கும் அதன் நிழலில் இலைகளூடே விழும் ஒளிப்புள்ளிகளே சிக்கல். பெசன்ட் நகர்க் கடற்கரையில், 1930இல் மூழ்கி இறந்த தென்மார்க்குக் கடலோடியின் நினைவாக எழுப்பப்பட்ட சிமிட் நினைவகத்தின் வெண்சுவர் காலை வெயிலில் இயற்கையான எதிரொளிப்பான் ஆகிறது. தமிழ்த் திரைப்படப் படப்பிடிப்புகளில் இதே வேலையைச் செய்வது தெர்மோகோல் பலகை.

கறுப்புத் தோலும் ஒளியளவியும்

படக்கருவியின் ஒளியளவி தன் முன்னுள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடுகிறது. வெள்ளை வேட்டி, சட்டை அணிந்தவர் சட்டகத்தை நிரப்பினால் அது ஒளியைக் குறைத்துவிடும். துணி சாம்பலாகி, முகம் கரிய திட்டாகும். பலர் இதைத் தோல் நிறத்தின் குறையாக எண்ணி, பின்னர் கணினியில் முகத்தை வெளுப்பாக்குகின்றனர். குறை அளவீட்டில் உள்ளது, முகத்தில் அன்று. முகத்தை மட்டும் புள்ளி அளவீட்டால் அளந்து, கிடைப்பதிலிருந்து ஒரு படி வரை குறைத்தால் உண்மையான நிறம் கிட்டும்.

இச்சாய்வு கருவியோடு நிற்கவில்லை. கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அளித்த நிறச்சீர் அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. "சர்லி அட்டை" எனப்பட்ட இதில் பல நிறத்தவர் இடம்பெற்றது 1990களில்தான். கறுப்புத் தோலில் உருவத்தைக் காட்டுவது கன்னம், நெற்றி ஆகியவற்றின் பளபளப்பு. ஆகவே ஒளியைக் கூட்டுவதைவிட, திறந்த வானம் போன்ற அகன்ற ஒளிமூலத்தைப் பக்கவாட்டில் அமைப்பதே பயன் தரும். இயற்கை ஒளிக்குப் பெயர்பெற்ற பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த முள்ளும் மலரும் (1978), மூன்றாம் பிறை (1982) ஆகிய படங்களின் வெளிப்புறக் காட்சிகள் மாணவர்கள் பார்க்கத்தக்கவை.

படக்கருவிக் கோணம்

மெரினாவின் உழைப்பாளர் சிலையை (1959) பீடத்தின் கீழிருந்தே பார்க்க நேர்கிறது. உழைக்கும் உடல் அதனால் பெரிதாகத் தெரிகிறது. தாழ்கோணத்தின் இயல்பு இது. அரசியல் பதாகைகளும் இதை நன்கறிந்தவை. உயர்கோணம் ஆளைச் சிறிதாக்கும். மாட வீதியில் தரையில் அமர்ந்து பூ விற்பவரை நின்றபடி எடுப்பவர் எண்ணாமலேயே உயர்கோணத்தில் எடுக்கிறார். அவர் முகமும் கூடையைப் பார்த்துக் குனிந்திருக்கும். எதிரே அமர்ந்து, படக்கருவியைக் கண்மட்டத்தில் வைத்தால் வானொளி அவர் கண்ணில் சிறு புள்ளியாகத் தெரியும்.

முக அமைப்பின் திரிபு வில்லையால் வருவதில்லை, தொலைவால் வருகிறது. செல்பேசியின் முதன்மை வில்லை 24 முதல் 28 மி.மீ.க்கு இணையானது. அதைக் கொண்டு முகத்தால் சட்டகத்தை நிரப்ப மிக அருகில் செல்ல நேர்வதால் மூக்கு பெரிதாகிறது. 85 மி.மீ. வில்லையுடன் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது நேராது.

அந்தத் தொலைவு இருவர் பேசிக்கொள்ளவும் போதுமானது. முன்னரே பேசி ஒப்புதல் பெற்று, எடுத்த படத்தைத் திரையில் காட்டுவது நன்று. முதல் படத்தில் விறைத்து நிற்பவர் இரண்டாவதில் பெரும்பாலும் இயல்பாகிவிடுவார்.