மண்ணுள் கிடந்த டெபோரா

போர் வரலாறு என்பது தளபதிகளுக்கும் பேராசிரியர்களுக்குமே உரிய துறையென எண்ணுவோர் பலர். பழைய எஞ்சின்களையும் போர்க்கருவிகளையும் நாடித் திரிவோரை, வயது வந்தும் விளையாட்டுப் பொருளை விடாதவர் என இளநகையுடன் ஒதுக்குவோரும் உளர். பிரான்சின் வடபகுதியிலுள்ள கம்பிரே நகரில் ஹோட்டல் நடத்திவந்த பிலிப் கொர்சின்ஸ்கி தொழில்முறை வரலாற்றாசிரியரல்லர். ஆயினும் அவரது ஆர்வம் வெளிக்கொணர்ந்த பொருளை எவரும் விளையாட்டுப் பொருளென்று சொல்லத் துணியார்.

1917 நவம்பர் 20 ஆம் நாள் விடியற்காலையில், கம்பிரேக்குத் தென்மேற்கே பிரித்தானியப் படை 476 டாங்கிகளை முன்செலுத்தியது. அதற்கு முன் இத்துணைப் பெருந்தொகையில் டாங்கிகள் போர்க்களம் கண்டதில்லை. ஜேர்மனியரின் முட்கம்பி வேலிகள் நசுங்கின, அகழிகள் கடக்கப்பட்டன. இலண்டன் மாநகரில் வெற்றி மணிகள் ஒலித்தன. பத்து நாள்களுக்குள்ளாகவே எதிர்த்தாக்குதல் நேர்ந்து, வென்ற நிலத்திற் பெரும்பகுதி கைநழுவிப் போயிற்று என்பது வேறு கதை.

முதல் நாளிலேயே தடைப்பட்ட இடம் பிளெஸ்கியேர் என்னும் மேட்டுக் கிராமம். ஆங்குப் பல டாங்கிகள் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாயின. தனியொரு ஜேர்மன் அதிகாரி தன் பீரங்கியருகே இறுதிவரை நின்று பலவற்றைத் தகர்த்தார் எனத் தளபதி ஹெயிக் தமது அறிக்கையில் எழுதினார். நூல்களும் அதனையே திரும்பத் திரும்பக் கூறின. அம்மேட்டில் ஒன்றல்ல, பல பீரங்கித் தொகுதிகள் இருந்தன என்பது பின்னரே தெளிவாயிற்று. வீரக் கதை ஒன்று ஒரு முறை அச்சேறிவிட்டால் அதனை இறக்குவது எளிதன்று.

அங்கு வீழ்ந்தவற்றுள் ஒன்று ‘டெபோரா’ எனப் பெயரிடப்பட்ட டி 51 ஆம் இலக்க டாங்கி. நான்காம் மாதிரியைச் சேர்ந்த அது பீரங்கியின்றி இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே பூண்ட வகையினது. அதனைப் ‘பெண்’ டாங்கி என்பர். எடை ஏறத்தாழ 27 தொன். இத்துணைப் பாரத்தை இழுத்தது 105 குதிரைவலுக் கொண்ட டெயிம்லர் எஞ்சின் ஒன்றே. வேகமோ மணிக்கு நான்கு மைலும் இல்லை.

அந்த எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சாதாரண வால்வுகளுக்குப் பதிலாக, உருளையினுள் மேலுங்கீழுமாக நழுவும் உறைகளே அதிற் காற்றின் வழியைத் திறந்து மூடின. அவற்றுக்கு எண்ணெய் மிகுதியாக வேண்டும். எரிந்த எண்ணெயின் புகை டாங்கி நிற்கும் இடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்தது. எஞ்சினுக்கென்று தனியறை கிடையாது. எட்டுப் பேரும் அதனைச் சூழ்ந்தே, நச்சுப்புகையினூடே, 50 பாகை சென்ரிகிரேட்டை எட்டும் வெப்பத்தில் இருந்தனர். வண்டியைச் செலுத்த நால்வர் வேண்டும்: சாரதி, தடையைப் பிடிக்கும் அதிகாரி, பின்புறத்தே பற்சக்கரங்களை மாற்றும் இருவர். குரல் கேளாத பேரிரைச்சலில், எஞ்சின் மூடியின்மேல் தட்டியே அவ்விருவருக்கும் சாரதி கட்டளையிட்டார். ஹரி ரிக்கார்டோ அமைத்த 150 குதிரைவலு எஞ்சின் பூண்ட ஐந்தாம் மாதிரி 1918 இல் வந்த பின்னரே ஒருவர் தனித்து ஓட்டுவது இயன்றது. எஞ்சின் நுணுக்கங்களை ஆராய்வதை வெறும் பித்து என்போர், அன்று டாங்கியுள் இருந்தோர் பட்ட பாட்டினை வேறெவ்வழியால் அறியக்கூடும்?

போர் முடிந்ததும் பிரித்தானிய ஊர்கள் பலவற்றுக்கு டாங்கிகள் நினைவுப் பரிசாக வழங்கப்பட்டன. பெரும்பாலானவை பின்னர் பழைய இரும்பாயின. கென்ற் மாவட்டத்து ஆஷ்போட் நகரில் ஒன்று மட்டும், எஞ்சின் அகற்றப்பட்டு, மின்சார உபநிலையத்துக்குக் கூடாக உதவியமையால் தப்பியது!

டெபோராவுக்கோ வேறு விதி. 1990களின் முற்பகுதியில், பிளெஸ்கியேரில் டாங்கியொன்று புதையுண்டு கிடக்கிறது என்ற செய்தி கொர்சின்ஸ்கியின் செவிக்கு எட்டியது. தன் இளமையில் ரஷ்யக் கைதிகள் டாங்கியொன்றைக் குழியினுள் தள்ளியதைக் கண்டதாக ஒரு மூதாட்டி கூறினார். அவ்வொரு வாய்மொழியைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தேடினார் அவர். 1998 நவம்பரில் அகழ்ந்தபோது இரும்புக் கூரை தென்பட்டது. துருவேறியும் உருக்குலையாத அப்பேரியந்திரம் மண்ணிலிருந்து எழுந்தது. முன்புறத்தே குண்டுகள் கிழித்த பெரும் பிளவு.

அது எந்த டாங்கி? அதனுள் இருந்தோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை கண்டதே அகழ்ந்தெடுத்ததிலும் அரிய பணி. படைப்பிரிவின் ஏடுகளும் பழைய புகைப்படங்களும் ஒப்புநோக்கப்பட்டன. ஆர்வலர் பிறரும் கைகொடுத்தனர். டி 51 என்று உறுதியாயிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் பிராங்க் ஹீப் என்னும் இளம் அதிகாரி. கிராமத்தை ஊடுருவி மறுபுறம் வெளிப்பட்ட வேளையில் அடிபட்டது. அவர் உயிர் தப்பினார். எண்மருள் ஐவர் மாண்டனர். அதுவரை கல்லறைக் கற்களில் வெறும் பெயர்களாய் இருந்த அவ்வைவரும் ஒரே டாங்கியின் தோழர்கள் என அறியப்பட்டனர்.

நூறாண்டு நிறைவுற்ற 2017 நவம்பரில், அவர்கள் துயிலும் பிளெஸ்கியேர் மேட்டுப் பிரித்தானிய மயானத்தின் அயலில் அரும்பொருளகம் ஒன்று திறக்கப்பட்டது. டெபோராவைப் புதிது போலப் புதுக்கவோ, பிளவை ஒட்டவோ எவரும் முற்படவில்லை. மண்ணினின்று எடுத்த கோலத்திலேயே அது அங்கு நிற்கிறது. ஐவரின் கல்லறைகள் அருகிலேயே உள்ளன.