பன்றி கொடுத்த உயிர்ப் பிச்சை

1960. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 21 வயது மாணவர் ஒருவர், ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை. மயக்க மருந்துக்குத்தான் நடுங்கினார். காரணம் இருந்தது. அவருடைய சொந்தக்காரர்களில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்கள்!

சரி, ஈதர் வேண்டாம் என்று ஹாலோத்தேன் என்ற புது மருந்தைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஐஸ் கட்டிகளை அடுக்கி எப்படியோ பிழைக்க வைத்தார்கள். இது பரம்பரைக் கோளாறு என்று எழுதி வைத்தார் டாக்டர் மைக்கேல் டென்பரோ.

ஆனால், வைத்தியம்? அது பன்றிக் கொட்டடியிலிருந்து வந்தது!

பெல்ஜியத்தில் பீட்ரேன் என்றொரு கிராமம். அங்கே 1920 வாக்கில் உருவான பன்றி, பயில்வான் மாதிரி. தொடையெல்லாம் சதை, கொழுப்போ குறைவு. வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம்தான். ஒரே ஒரு சிக்கல்... லாரியில் ஏற்றினால், வெயில் பட்டால், சண்டை போட்டால், உடம்பு விறைத்துச் செத்து விழும். கறியும் வெளிறி, தண்ணீர் விட்டுக்கொண்டு கிடக்கும்.

1966-இல் இங்கிலாந்தில் சில பன்றிகளுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். மெல்போர்ன் மாணவருக்கு வந்த அதே கொதிப்பு! அப்புறம் பண்ணைகளிலேயே குட்டிகளுக்கு ஹாலோத்தேனை முகர வைத்துப் பார்த்தார்கள். கால் விறைத்தால், அந்தக் குட்டி இனப்பெருக்கத்துக்கு ஆகாது.

1975-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டாக்டர் ஹாரிசன், இப்படிக் கொதித்த பன்றிகளுக்கு டான்ட்ரோலீன் என்ற மருந்தைச் செலுத்தினார். பிழைத்துக்கொண்டன! அதே மருந்துதான் பிறகு ஆபரேஷன் தியேட்டர்களில் மனிதர்களையும் காப்பாற்றியது.

மர்மம் முழுசாக உடைந்தது 1991-இல். டொரன்டோவில் மெக்லென்னன் குழுவினர் கண்டுபிடித்தது, ஒரே ஓர் எழுத்துப்பிழை. தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் கதவுக்கு ஒரு மரபணு உண்டு. அதில் ஓர் எழுத்து மாறியதால் கதவு சரியாக மூடவில்லை. தசை ஓயாமல் இறுகுகிறது. சதை திரள்வதும் அதனால்தான், சாவு வருவதும் அதனால்தான். சதைக்காக ஆளாளுக்குப் பொறுக்கி எடுத்தபோது, சாவையும் சேர்த்தே பொறுக்கியிருக்கிறார்கள்! பன்றிக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் ஆபத்து. ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியே தெரியாது; வாரிசுக்கு மட்டும் போய்ச் சேரும்.

நமக்கென்ன என்கிறீர்களா? அந்தப் பிழை கண்டறியப்பட்ட ஐந்து இனங்களில் யார்க்‌ஷயரும் ஒன்று. நம்மூர் வெண்பன்றிப் பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் வெள்ளை யார்க்‌ஷயர் வழிதான். விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தில் ஒருவர் நாளைக்கே பண்ணை போடுகிறார் என்று வையுங்கள். சித்திரை வெயிலில் லாரி ஏற்றும்போதுதான் அந்த எழுத்துப்பிழை தெரியவரும் என்றால், நஷ்டம் அவர் தலையில். ஆண் பன்றி வாங்கும் முன் துளி ரத்தத்தில் சோதித்துவிடலாம். பெல்ஜியத்திலேயே லியேஜ் பல்கலைக்கழகம், பிழை நீக்கிய பீட்ரேனை உருவாக்கிவிட்டது.

நான் படித்த வணிகவியலில் ஒரு பாடம் உண்டு. வரவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன், எதிர்ப்பக்கத்தையும் புரட்ட வேண்டும். உயிரின் கணக்குப் புத்தகத்துக்கும் அதேதான்!