தனியாட்டத்திற்கேற்ற தொடக்க வகுப்பு (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்)

ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் ஒரே கற்பனை உலகிற்குள் புகுந்து ஆடும் இணையப் பாத்திர விளையாட்டுகளில், புதிதாக வருபவர் எல்லாவற்றுக்கும் முன்னால் எடுக்க வேண்டிய முடிவு, தாம் எந்த வகுப்பைச் சேர்ந்த பாத்திரமாக ஆடப்போகிறோம் என்பதாகும். ஆட்டக்காரர்கள் கிளாஸ் என்று வழங்கும் இவ்வகுப்பானது, பாத்திரம் ஏந்தும் ஆயுதத்தையும் அணியும் கவசத்தையும் கற்கும் வித்தைகளையும் மட்டுமன்றி, அபாயம் நேர்ந்தபோது அது எவ்விதம் தப்பும், தப்ப இயலுமா என்பதையும் நிர்ணயித்துவிடுகிறது. விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத வேளையில் இம்முடிவை எடுக்க நேர்வதும், எடுத்தபின் அதை மாற்ற வேண்டுமாயின் வேறொரு பாத்திரத்தைப் படைத்து முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதும் இதிலுள்ள சங்கடம். 2004 நவம்பர் 23-ஆம் தேதி பிளிஸார்ட் என்டர்டெய்ன்மென்ட் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டின் மூல வடிவத்தை, அதாவது ஒன்பது வகுப்புகளும் அறுபது லெவல்களும் கொண்டதாய், 2019 ஆகஸ்டில் கிளாசிக் என்ற பெயரில் மறுபடியும் திறக்கப்பட்ட அதே வடிவத்தை, ஆதாரமாகக் கொண்டு இப்பொருள் இங்கே விவரிக்கப்படுகிறது.

வகுப்பு என்னும் ஏற்பாடு கணினிக்கு முந்தியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்று வகுப்புகள் இருந்தன. திருடன் மறு ஆண்டில் வந்து சேர்ந்தான். ஒருவன் அடி தாங்க, ஒருவன் அடிக்க, ஒருவன் காயம் ஆற்ற, மூவரும் ஒருவரின்றி ஒருவர் பிழையார் என்னும்படி வகுக்கப்பட்ட அந்தப் பிரிவினை, நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் வரையில் குறையாகவே தோன்றவில்லை. மேசை போய் இணையம் வந்து, நடுநிசியில் தனியே கணினி முன் அமர்பவருக்கு அதே பிரிவினை கைமாறிய பிறகுதான், துணையில்லாத பூசாரியின் நிலை என்னவென்பது அனுபவத்தில் தெரிந்தது. 1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்ட், கூட்டாகத் திரியாதவர்களிடம் சிறிதும் தயை காட்டாத விளையாட்டாக விளங்கிற்று. அதில் இறந்தவர் தம் உடைமைகளையெல்லாம் பிணத்தின்மேலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு அவ்விடத்திற்கு மீண்டும் சென்று அவற்றை எடுத்துவர வேண்டும். சேர்த்துவைத்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதியும் நஷ்டமாகும். அங்கே தனித்து உலவத் துணிந்தவர்களுள் பேர்பெற்றவன் நெக்ரோமான்ஸர் என்னும் பிணவித்தைக்காரன். எலும்புக்கூட்டைத் துணைக்கு எழுப்பி முன்னே அனுப்பவும், எதிரியின் உயிரை உறிஞ்சித் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளவும், தருணம் தப்பினால் செத்தவன்போல் விழுந்து கிடக்கவும் அவன் அறிந்திருந்தான். தனியாட்டத்திற்கு வேண்டிய மூன்று யுக்திகளும் அந்த ஒரு வகுப்பிலேயே திரண்டிருந்தன என்று சொல்லலாம். பின்னால் வந்த விளையாட்டுகள் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டன.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இந்த விஷயத்தில் வேறு நோக்கத்தோடு உருவாயிற்று. எந்த வகுப்பினரும் தனியாகவே அறுபதாவது லெவலை எட்டலாம் என்னும்படி அதன் பணிகள் அமைக்கப்பட்டன. இறந்தவர் ஆவியாய் இடுகாட்டிலிருந்து தம் உடலுக்கு ஓடி உயிர்பெறுவார். ஆயுதமும் கவசமும் சற்றுத் தேயுமேயன்றி அனுபவப் புள்ளி குறையாது. நிக்கோலா டுஷனோவும் அவருடைய சகாக்களும் இவ்விளையாட்டைக் கண்காணித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டக்காரர்கள் பெரும்பாலான நேரம் கூட்டம் சேராமல் தனித்தே ஆடுகிறார்கள் என்றும், சுற்றிலுமுள்ள பிறர் அவர்களுக்குத் துணையாக இருப்பதைக் காட்டிலும் பார்வையாளராகவும் வேடிக்கையாகவுமே பயன்படுகிறார்கள் என்றும் கண்டது. ஆகவே தனியாட்டக்காரர் என்பவர் இவ்வுலகில் ஓர் அபூர்வப் பிராணி அல்லர்.

புதியவருக்கு உகந்த வகுப்பு எது என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும், எது பலமாக அடிக்கும் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அது தேர்ந்தவர்களுக்குரிய கேள்வி. ஒரு பகைவனைத் தாக்கப்போய் அருகில் நின்ற இன்னொருவனையும் சேர்த்து இழுத்துவிடுதல், உயிரளவு பாதிக்குக் கீழே போனபின்பே அதைக் கவனித்தல், தப்பி ஓடும்போது புதிய பகைவர் கூட்டத்தினுள்ளேயே ஓடிப் புகுதல், மந்திரங்களுக்குச் செலவாகும் சக்தியாகிய மானா தீர்ந்த நிலையில் அடுத்த சண்டையைத் தொடங்குதல் ஆகிய பிழைகளைத் தொடக்கத்தில் செய்யாதவர் இல்லை. பிழை நேர்ந்த கணத்திற்கும் மரணத்திற்கும் இடையே எந்த வகுப்பு அதிக அவகாசம் தருகிறதோ, அதுவே புதியவருக்கு உகந்த வகுப்பு. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹண்டர் என்னும் வேட்டைக்காரனுக்கு முதல் ஸ்தானம் கிடைப்பதில் வியப்பில்லை.

மூல விளையாட்டில் குள்ளர், நைட் எல்ஃப், ஓர்க், டாரன், டிரோல் ஆகிய ஐந்து இனத்தாரே வேட்டைக்காரராகலாம். முதல் ஒன்பது லெவல்களில் அவன் வில்லோ துப்பாக்கியோ ஏந்திய ஒரு சாதாரணனே. அக்காலத்தை மட்டும் வைத்து அவனை மதிப்பிட்டுக் கைவிடுவது அவசரம். பத்தாவது லெவலில் விலங்கைப் பழக்கும் பணி கிடைக்கிறது. குள்ளர் நாடாகிய டன் மொரோவின் பனிவெளியில் காட்டுப்பன்றி, பனிச்சிறுத்தை, கரடி ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பழக்கிக் காட்டியபின்பே அவ்வித்தை அவனுக்கு உரிமையாகிறது. பழக்குவதற்கு இருபது விநாடி பிடிக்கும். அத்தனை விநாடியும் விலங்கு பாய்ந்து கடித்துக்கொண்டேயிருக்க, வேட்டைக்காரன் எதிர்த்தடிக்காமல் நின்று பொறுக்க வேண்டும். புதியவர் இங்கே பதறி ஓர் அம்பை எய்துவிட்டால் மந்திரம் கலைந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

துணைவிலங்கு வந்தபின் சண்டையின் ஒழுங்கே மாறிவிடுகிறது. வேட்டைக்காரன் முப்பது கஜத்துக்கு அப்பால் நின்று பகைவன் தலைமேல் குறியிட்டு, விலங்கை ஏவி, அது சென்று ஓரிரு முறை உறுமும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான். அவ்வுறுமலுக்குப் பகைவனின் சினத்தைத் தன்பால் ஈர்க்கும் சக்தி உண்டு. ஆட்டக்காரர்கள் இதை அக்ரோ என்பார்கள். பிறகு பாம்பு விஷம் தோய்ந்த அம்பொன்றை எய்து, மற்ற அம்புகள் தாமாகவே பாய விட்டுவிட்டால், பெரும்பாலான சண்டைகள் எய்தவன்மேல் ஒரு கீறலும் படாமலே முடிந்துவிடும். பொறுமையின்றி முந்தி எய்தவர்மேல் பகைவன் திரும்பிப் பாய்ந்தாலும், அவன் நடையைத் தளர்த்தும் அம்பொன்று எட்டாவது லெவலிலேயே கிடைத்திருக்கிறது. விலங்கு பின்னால் வந்து அவனை மீண்டும் பிடித்துக்கொள்ளும். எதிர்பாராமல் இரண்டாவது பகைவன் வந்து சேர்ந்தால் விலங்கை அவன்மேல் திருப்பலாம். எல்லாம் கைமீறிப்போனால், விலங்கைப் பலிகொடுத்துவிட்டு எஜமானன் ஓடிவிடலாம். அதைப் பிறகு உயிர்ப்பித்துக்கொள்ளவும் முடியும். இது தர்மமா என்று கேட்பவர்கள் உண்டு. விலங்கு கோபித்துக்கொள்ளும் என்பது மெய்தான். அதற்கும் விளையாட்டில் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு இது: துணைவிலங்கிற்குப் பசியும் மனநிலையும் உண்டு. திருப்தியாக இருக்கும்போது அது தன் இயல்பான வலிமையைவிடக் கால்பங்கு கூடுதலாக அடிக்கும். வருத்தத்திலிருந்தால் கால்பங்கு குறைவாக அடிக்கும். நெடுநாள் கவனியாது விட்டால் விட்டு ஓடியும் போகும். பூனையினங்கள் இறைச்சியும் மீனும் அன்றி வேறொன்றையும் தொடா. கரடியும் பன்றியுமோ ரொட்டி, பழம், காளான், பாலாடைக்கட்டி என்று எது கிடைத்தாலும் தின்னும். அடிக்கும் வேகத்துக்காகப் பூனையைத் தேடி அலைவது தேர்ந்தவர்களின் வழக்கம். முதல் துணையாகப் பன்றியைக் கொள்வதே புதியவருக்குச் சௌகரியம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இவ்வகுப்பிற்குத் தோஷங்கள் இல்லாமலில்லை. அம்புகளை விலைகொடுத்து வாங்கிச் சுமக்க வேண்டும். அம்பறாத்தூணி பைகளுக்குரிய நான்கு இடங்களில் ஒன்றை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். ஊரைவிட்டு வெகுதூரம் வந்தபின் அம்பு தீர்ந்துபோனவன் கோடரியால் சண்டையிட்டபடியே திரும்ப வேண்டியதுதான். இவற்றினும் விசித்திரமானது டெட் ஸோன் எனப்படும் இடைவெளி. எட்டு கஜத்துக்குட்பட்டவன்மேல் அம்பு செல்லாது. ஐந்து கஜத்துக்கப்பாற்பட்டவனைக் கோடரி எட்டாது. இடைப்பட்ட அந்தச் சிறு வளையத்தில் பகைவன் நிற்க, இரண்டு ஆயுதங்களும் கையிலிருந்தும் ஒன்றும் பயன்படாமல் விழிக்கும் புதியவர்கள் அநேகர். ஓரடி முன்னேயோ சில அடி பின்னேயோ நகர்ந்தால் போதும் என்பது விளங்கச் சில சண்டைகள் ஆகும்.

அடுத்தபடியாகச் சொல்லத்தக்கவன் வார்லாக் என்னும் சூனியக்காரன். பத்தாவது லெவலில் அவன் வசமாகும் வாய்ட்வாக்கர் என்ற நீலப்பூதம், வேட்டைக்காரனின் விலங்கைப் போலவே முன்னின்று அடிவாங்கும். அதை அழைப்பதற்கு, சாகும் பகைவனிடமிருந்து கவர்ந்த ஆன்மத் துண்டு ஒன்று வேண்டும். முன்யோசனையில்லாதவரிடம் அது தேவைப்படும் வேளையில் இராது. பகைவனை அச்சுறுத்தி ஓடச்செய்யும் மந்திரமும் அவனுக்கு உண்டு. வெட்டவெளியில் அது பேருதவி. குகைக்குள் பிரயோகித்தாலோ, ஓடினவன் உறவினர் அனைவரையும் அழைத்துக்கொண்டு திரும்பிவருவான். தன் உயிரையே மானாவாக மாற்றிக்கொள்ளும் வித்தை, உறிஞ்சும் மந்திரங்கள், நாற்பதாவது லெவலில் மற்ற வகுப்பினருள் பெரும்பாலோர் பொன் சேர்த்து வாங்கும் சவாரிக் குதிரை இலவசமாகக் கிடைத்தல் என அனுகூலங்கள் பல. எனினும் கவனிக்க வேண்டியவையும் பல என்பதால், முதல் பாத்திரமாக இவனைச் சிபாரிசு செய்யத் தயக்கம் உண்டாகிறது.

துணை எதுவுமின்றியே நீண்ட அவகாசம் தருபவன் பாலடின் என்னும் புனிதவீரன். கனத்த கவசம், கேடயம், தானே தன்னைக் குணப்படுத்தும் சக்தி, சில விநாடிகள் எந்த அடியும் படாதபடி காக்கும் தெய்வீக அரண் இவையெல்லாம் உடையவனைக் கொல்வது எளிதன்று. அவன் பிறரைக் கொல்வதும் எளிதன்று என்பதே இதிலுள்ள நகைச்சுவை. முத்திரை மந்திரத்தை ஏற்றிக்கொண்டு, சம்மட்டி தானே வீழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவனுடைய போர். சாவதைக் காட்டிலும் சலிப்பை விரும்புகிறவர்க்கு இது தக்கது. 2007-இல் முதல் விரிவாக்கம் வரும் வரையில் இவ்வகுப்பு விளையாட்டின் இரு தரப்புகளுள் ஒன்றாகிய அலையன்ஸுக்கே உரியதாயிருந்தது. எதிர்த்தரப்பாகிய ஹோர்டில் அதற்கீடாக இருந்தவன் ஷாமன்.

மேஜ் என்னும் மந்திரவாதி உணவையும் நீரையும் தானே வரவழைத்துக்கொள்வதும், பகைவன் கால்களைப் பனியில் உறையச்செய்வதும் அழகிய வித்தைகளே. ஆயினும் துணி அங்கி தரித்த அவன்மேல் இருவர் சேர்ந்து பாய்ந்தால், யோசிக்க நேரமிராது. டுருயிட் இருபதாவது லெவலில் பூனையுருவம் பெறும் வரை மந்தமானவன். பிரீஸ்ட் என்னும் பூசாரியும் ரோக் என்னும் திருடனும் கைதேர்ந்தவரிடம் விரைந்து வளர்வார்கள்.

பேரைக் கேட்டவுடன் புதியவர்கள் பலர் தெரிந்தெடுக்கும் வாரியர் என்னும் போர்வீரனே, மூல விளையாட்டில் தனியாட்டத்திற்கு மிகக் கடினமான வகுப்பு என்பது அவர்களுக்குப் பிந்தியே தெரியவருகிறது. வாளும் கவசமும் தரித்தவன் தனியே நின்று வெல்வான் என்று கதைகள் பழக்கியிருக்கின்றன. இங்கோ அவனுக்குத் தன்னைக் குணப்படுத்தும் சக்தி கிடையாது. அடிக்க வேண்டிய சினம் அடித்தும் அடிபட்டுமே ஊறவேண்டும். லெவலுக்கேற்ற ஆயுதம் இல்லையேல் வீச்சுகள் பயனற்றுப் போகும். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் உட்கார்ந்து ரொட்டி தின்று, துணி கிழித்துக் கட்டுப்போட்டுக்கொண்டு எழுந்திருப்பதே அவன் தினசரி. குணப்படுத்துபவர் ஒருவர் பின்னால் நின்றுவிட்டால் அவனே கூட்டத்தின் தூணாகிவிடுகிறான்.

தனியாட்டத்தில் சுகம் தரும் வகுப்பு கூட்டாட்டத்தில் வேறொரு விலை கேட்கிறது. முப்பது லெவல் வரை விலங்கின் உறுமலை நம்பி வளர்ந்த வேட்டைக்காரர், ஐவர் குழுவில் சேர்ந்து நிலவறைக்குள் நுழையும்போதும் அவ்வுறுமலை அணைக்க மறந்துவிடுவார். அடி தாங்க வந்த வாரியரிடமிருந்து விலங்கு பகைவனைப் பறித்துக்கொள்ள, காயம் ஆற்றுபவர் யாரைக் கவனிப்பதென்று திகைப்பார். இன்னும் விபரீதமானது மேட்டிலிருந்து குதிப்பது. நோமரெகன் போன்ற பல அடுக்கு நிலவறைகளில், கீழ்த்தளத்துக்கு ஐவரும் குதித்துவிட, குதிக்கத் தெரியாத விலங்கு எஜமானனைத் தேடிச் சுற்றுவழியாக ஓடிவருகையில், வழியிலுள்ள பகைவர் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு வந்து சேரும். குதிக்குமுன் விலங்கை அனுப்பிவிட வேண்டும் என்னும் பாடத்தைத் தனியாட்டம் ஒருநாளும் கற்பிப்பதில்லை. அகப்பட்ட ஆயுதமெல்லாம் தமக்கே என்று வேட்டைக்காரர்கள் பங்கு கேட்பதாக ஒரு பழைய கேலியும் உண்டு. வில், ஈட்டி, வாள், கோடரி எல்லாவற்றையும் அவர்களால் ஏந்த முடியும் என்பதால் அதை முழுப்பொய் என்று தள்ளுவதற்கில்லை.

பிற்கால மாற்றங்கள் வேட்டைக்காரனை இன்னும் எளியவனாக்கின. 2010-இல் வந்த கேடகிளிசம் விரிவாக்கத்தின் காலத்தில் அம்பு வாங்குவதும் விலங்கின் மனநிலையும் நீக்கப்பட்டன. முதல் லெவலிலேயே துணைவிலங்கு கிடைத்தது. டெட் ஸோன் என்ற அந்த இடைவெளி வளையமும் காலப்போக்கில் மறைந்தது. 2019-இல் கிளாசிக் திறந்தபோது இத்தொல்லைகள் யாவும் திரும்பிவர, அவற்றை விரும்பியே பலர் வந்தனர். 2023 ஆகஸ்டில் பிளிஸார்ட் தொடங்கிய ஹார்ட்கோர் சர்வர்களில் ஒருமுறை இறந்த பாத்திரம் மீண்டும் எழுவதில்லை என்றபடியால், கொல்லும் வேகத்தைவிடத் தப்பும் வழியே அங்கே வகுப்பின் மதிப்பை முடிவுசெய்கிறது. முப்பதாவது லெவலில் செத்தவன்போல் விழக் கற்றுக்கொள்ளும் வேட்டைக்காரன் அங்கும் புதியவர்களின் முதல் புகலாக இருக்கிறான். பகைவன் சில சமயம் அந்த நடிப்புக்கு ஏமாறுவதில்லை என்பது ஒன்றே குறை. அறுபதாவது லெவலை அங்கே உயிரோடு எட்டிய போர்வீரனுக்குச் சக ஆட்டக்காரர்கள் காட்டும் மரியாதையை, பன்றியோடு வந்து சேர்ந்த வேட்டைக்காரனுக்குக் காட்டுவதில்லை.